குட்டி நாய்க்கு வயித்தால போனப்போ என்ன நடந்துச்சு? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மைலோ அம்மா

மைலோ வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கூட ஆகல, லூஸ் மோஷன் ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி முழுக்க என்ன பாடுன்னு குட்டி வளர்த்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நான் சொல்ல வந்தது டாக்டர் ரூம்ல நடந்தத. உள்ள போன உடனே அவங்க கேட்ட கேள்வி, "என்ன கலர்? தண்ணியா போச்சா, கொழகொழன்னு போச்சா? கொஞ்சம் கொஞ்சமா பல தடவையா, இல்ல ஒரே தடவையில நிறையவா? சாம்பிள் எங்க?" நானும் வீட்டுக்காரரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறோம். அவர் விடியறதுக்குள்ள எழுந்து தரையெல்லாம் பளபளன்னு துடைச்சு வச்சுட்டார், பாவம் நல்லது பண்றதா நெனச்சுதான். அப்போ என் பொண்ணு மெதுவா, "அம்மா, போன்ல இருக்கு"ன்னா. ஃப்ரெண்டுக்கு அனுப்பி ச்சீ ச்சீன்னு சிரிக்கறதுக்கு எடுத்து வச்ச போட்டோ! டாக்டர் அத வாங்கி ரெண்டு விரலால பெருசாக்கிப் பெருசாக்கி, கல்யாண ஆல்பம் பாக்குற மாதிரி அவ்ளோ பொறுமையா பாக்குறாங்க. "இதோ சளி, அதுல நூல் நூலா சிவப்பு தெரியுது பாருங்க, இது பெருங்குடல் பக்கம். கறுப்பா தார் கலர்ல போனாதான் மேல எங்கயோ ரத்தம் கசியுதுன்னு சந்தேகப்படணும்"னாங்க. அப்புறம் சாம்பிள் எடுத்துப் பாத்தா பூச்சி முட்டை. மருந்து குடுத்து சரியாயிடுச்சு. ஆனா அந்த போட்டோவ அழிக்க விடமாட்டேங்குறா என் பொண்ணு, "மைலோவ நான்தான் காப்பாத்துனேன்"னு ஒரே பெருமை.

உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, எழுதுங்க.


ராக்கி2பாயிண்ட்0

உங்களுது பூச்சியோட போச்சு, எங்களுது பார்வோ, குட்டியோட குடலத் தாக்குற வைரஸ். அந்த நாத்தம் ஒரு தடவ மூக்குல ஏறிட்டா மறக்காது, பாத்தவங்களுக்குத் தெரியும். முதல்ல வாந்திதான், சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நெனச்சோம், சாயங்காலம் ரத்தமா போக ஆரம்பிச்சுது.

என் மனசுல இன்னும் உறுத்துறது என்னன்னா க்ளினிக் வாசல்ல நான் போட்ட சண்டை. குட்டிய டவல்ல சுத்தித் தூக்கிட்டு ஓடுறேன், அங்க இருந்த அக்கா கதவுலயே கைய நீட்டி "உள்ள வராதீங்க, அங்கயே நில்லுங்க, குட்டிய கீழ விடாதீங்க"ன்னு கத்துறாங்க. உள்ள ரெண்டு மூணு பேர் அவங்கவங்க நாய மடியில வச்சுட்டு ஏசில உக்காந்திருக்காங்க, என் குட்டி உயிருக்குப் போராடுது, நான் மட்டும் வண்டி நிறுத்துற இடத்துல நிக்கணுமா? நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அப்புறம் டாக்டரே வெளிய வந்து அங்கயே பின்பக்கம் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார், பத்து நிமிஷத்துல கோடு வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு விளங்குச்சு, உள்ள இருந்த மடியில ஒண்ணு ஊசியே போடாத கைக்குழந்தை சைஸ் குட்டி. அந்த அக்கா நான் நின்ன இடத்த ப்ளீச் ஊத்திக் கழுவுனாங்க, 1 பங்குக்கு 30 பங்கு தண்ணி. சாதாரண ஃப்ளோர் க்ளீனர், சானிடைசர் இதுக்கெல்லாம் இந்த வைரஸ் சாகாதாம், மண்ணுல ஒரு வருஷம் கூட உயிரோட கிடக்குமாம்.

"ஊசி போட்டோமே டாக்டர்"னேன். ஒண்ணுதான போட்டிருக்கீங்கன்னார். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்கற வரைக்கும் ஊசிய வேலை செய்ய விடாது, அது எப்போ தீரும்னு ஒவ்வொரு குட்டிக்கும் மாறும், அதனாலதான் 16 வாரம் தாண்டுற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுறது. ட்ரிப்ஸ் ஏத்தி, வாந்தி நிக்க ஊசி போட்டு, வெள்ளை அணு குறைஞ்சு போய் திரும்ப ஏறி, எப்படியோ பொழைச்சுட்டான். அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேக்கப் போனேன், அவங்களுக்கு என்ன ஞாபகமே இல்ல. தினம் ஒருத்தன் கத்துவான் போல.


பிரௌனி அப்பா

வந்துட்டாங்கய்யா பார்வோவோட. யாராவது குட்டிக்கு லேசா வயிறு சரியில்லன்னு சொன்னா போதும், உடனே பார்வோ பார்வோன்னு பயமுறுத்தி அவங்கள ராத்திரி தூங்க விடாம பண்றது. 1978ல அது புதுசா வந்தப்போ ஊசியே கிடையாது, கொத்துக் கொத்தா போச்சு சரி. இப்பதான் ஊசி இருக்கே. பாதிக் குட்டிக்கு வயிறு கெடுறது சாப்பாட்ட திடீர்னு மாத்துறதாலயும் பால் ஊத்துறதாலயும் கண்டத மெல்லுறதாலயும்தான்.

எங்க பிரௌனி ஒரு நாள் சாயங்காலத்துலருந்து சாப்பாட்டப் பாத்தா மூஞ்சியத் திருப்புது, வாயில எச்சி ஒழுகுது, வயித்தப் புடிச்சா முனகுது. நடுராத்திரி உவ்வேன்னு ஒரு சத்தம், லைட்டப் போட்டா என் ஆபீஸ் சாக்ஸ். முழுசா. மடிப்பு கூட கலையாம. கக்கிட்டு வால ஆட்டிட்டு என்னயவே பாக்குது, எடுத்துக் குடுத்தா திரும்ப முழுங்கலாம்னு. அவ்ளோதான் வைத்தியம் முடிஞ்சுது.

அதனால நான் சொல்றது, வயிறு கெட்டா ஒரு நாள் முழுப் பட்டினி போடுங்க, தண்ணி மட்டும் வைங்க, குடலுக்கு ஓய்வு குடுங்க, தானா சரியாகும். எங்க அப்பா காலத்துலருந்து நாங்க வளர்த்த அத்தன நாய்க்கும் அதான். எடுத்ததுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓடாதீங்க.


சிம்பா & கோ

பிரௌனி அப்பா, கோச்சுக்காதீங்க, ஆனா இத யாராவது படிச்சுட்டு கைக்குள்ள அடங்குற குட்டிய ஒரு நாள் பட்டினி போட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுல நேர்ல பாத்திருக்கோம். வளர்ந்த நாய்க்கு நீங்க சொல்றது பரவாயில்ல. எங்க சிம்பா சின்ன ஜாதி, அதுலயும் ரெண்டு மாசக் குட்டி. வயித்தால போகுதுன்னு மாமியார் ராத்திரி சாப்பாட்ட நிறுத்தச் சொன்னாங்க, காலையில எழுந்து வர்றான், நாலு காலும் நாலு பக்கம் போகுது, கண்ணு என்னையே பாக்குது ஆனா என்ன அடையாளம் தெரியல, தலை ஒரு பக்கமா ஆடுது. போன்ல டாக்டர் "சர்க்கரை இறங்கிருச்சு, தேன் இருந்தா ஈறுல தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க புரையேறிடும், தடவிட்டே கிளம்பி வாங்க"ன்னார். விரல்ல தேன எடுத்து ஈறுல தேய்க்கிறேன், ஈறு ஒட்டுது, ஈரமே இல்ல, அழுத்துன இடம் வெள்ளையா ஆகி ரோஸ் கலர் திரும்ப வரவே மாட்டேங்குது. ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டில போகப் போக நாக்க நீட்டி என் விரல நக்குனான் பாருங்க, எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

குட்டி உடம்புல சேமிப்புன்னு ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும், நிறுத்தக் கூடாது.


பிரௌனி அப்பா

நான் என் நாய்க்குப் பண்ணதச் சொன்னேன். உங்க நாய்க்குப் பண்ணுங்கன்னு நான் சொல்லவே இல்லயே.


சிம்பா & கோ

"பட்டினி போடுங்க"ன்னு தான் சார் எழுதியிருக்கீங்க. மேல போய்ப் படிங்க.


வாலாட்டி

சண்டைய விடுங்கப்பா. எனக்கு சாக்ஸ் மேட்டர்தான் பயமா இருக்கு, ஏன்னா எல்லாருக்கும் அது வாய் வழியா அழகா வந்துராது. எங்க குட்டிக்கு வாந்தி, முக்கி முக்கி உக்காருது ஒண்ணும் வரல, பின்னாடி பாத்தா ஒரு நூல் தொங்குது, தலகாணி உறையோட நூல். என் தம்பி அத விரல்ல சுத்தி இழுக்கப் போறான், எங்க சித்தி ஓடி வந்து அவன் கைய ஒரே அடி. "இழுத்தா உள்ள குடல் அறுந்துரும்டா!" அவங்க முன்னாடி பூனை வளர்த்தவங்க, பட்டவங்க. அவன் கை செவந்து போச்சு, அன்னைக்கு அவன் பயங்கர கோவம். ஸ்கேன் பண்ணா நூலோட மறுமுனை மேல மாட்டிட்டு இருக்கு, குடல் சுருங்கிச் சுருங்கி மடிஞ்சிருக்கு. ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் தம்பிகிட்ட அதே வார்த்தையத்தான் சொன்னார், அடி மட்டும்தான் குடுக்கல.


பூரணி_கே

எங்க வீட்டு பப்பிக்கும் போன மாசம் வயிறு சரியில்ல, ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு, பெரிய கதை ஒண்ணும் இல்ல. ஆனா இங்க படிச்சதுல சில விஷயம் யாரும் சொல்லல அதனால சொல்றேன். மனுஷ மாத்திரை எதையும் குடுக்காதீங்க, வயித்தால போறத நிறுத்துற லோபெரமைடு நம்ம வீட்டு டப்பாவுல இருக்கும் கை அரிக்கும், அது கிருமிய உள்ளயே பூட்டி வச்சுரும், கோலி மாதிரி சில ஜாதிக்கு ஒரு ஜீன் கோளாறு உண்டு அதுங்களுக்கு அந்த மாத்திரை மூளைக்கே போய் ஏறிரும், பாராசிட்டமால் ஐபுப்ரூஃபென் பேச்சே எடுக்காதீங்க. பால் வேணாம். டாக்டர் ஒத்துக்கிட்டா தோல் எலும்பு எடுத்த வேகவச்ச கோழியும் குழைய வெந்த சோறும் போதும், உப்பு எண்ணெய் வெங்காயம் பூண்டு எதுவும் சேரக் கூடாது, வெங்காயம் பூண்டு நாய்க்கு ரத்தத்தையே கெடுக்கும். சரியான பிறகும் பழைய சாப்பாட்டுக்கு ஒரே நாள்ல தாவாதீங்க, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து கலந்து மாத்துங்க, புதுக் குட்டி வந்தாலும் அது முன்னாடி சாப்பிட்டதையே முதல்ல குடுங்க. தெர்மாமீட்டர் ஒண்ணு தனியா வாங்கி வைங்க, நாய்க்கு 101லருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம், நம்ம கணக்குல காய்ச்சல்னு நெனச்சு அலறாதீங்க, பின்பக்கம்தான் வைக்கணும் மூக்கத் தொட்டுப் பாக்கறதெல்லாம் கணக்கே இல்ல. பூச்சி மருந்து ரெண்டு வாரக் குட்டியிலயே ஆரம்பிக்கணும், உருண்டைப் புழு தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துரும், சின்னப் பசங்க இருக்கற வீட்டுல இன்னும் கவனம், அது மனுஷனுக்கும் தொத்தும், மைலோ அம்மா உங்க பொண்ணு கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. வாந்தியும் சேர்ந்து வந்தா, ரத்தம் வந்தா, படுத்தே கிடந்தா, தண்ணி கூட நிக்கலன்னா இதெல்லாம் படிச்சுட்டு இருக்காம கிளம்புங்க.


ராக்கி2பாயிண்ட்0

"பெரிய கதை ஒண்ணும் இல்ல"ன்னுட்டு இவ்ளோவா. ஆனா எல்லாம் சரிதான், சேவ் பண்ணிக்கிட்டேன்.


ஜிகுஜிகு

எங்களுது ஜியார்டியா. சரியாகும், திரும்ப வரும், சரியாகும், திரும்ப வரும். முதல் சாம்பிள்ல இல்லன்னே வந்துச்சு, அந்தக் கிருமி தினமும் வெளிய வராதாம், அடுத்தடுத்த நாள் சாம்பிள் எடுத்துச் சேர்த்துப் பாத்தப்பதான் மாட்டுச்சு. மருந்து முடிஞ்சும் ஏன் வருதுன்னு நான் தலையப் பிச்சுக்கிட்டு நிக்கிறேன், புது டாக்டர் குட்டியத் தலைகீழா திருப்பி வாலுக்குக் கீழ இருந்த முடியப் பிரிச்சுக் காட்டுறாங்க, "நீங்க மருந்து குடுக்கறீங்க, இவன் இங்க நக்கி நக்கி திரும்ப உள்ள அனுப்பிக்கறான்." முடிய வெட்டி, மருந்து முடியற அன்னைக்குக் குளிப்பாட்டி, அவன் படுக்கைய வெந்நீர்ல துவைச்ச பிறகுதான் விட்டுது. அந்த முதல் டாக்டர்கிட்ட நாலு மருந்துச் சீட்டு வாங்கினேன், ஒரு தடவ கூட அவர் பின்பக்கம் பாக்கல.

அப்புறம் பிரௌனி அப்பா, ஒரு டவுட்டு. சாக்ஸ்னா ஜோடியா இருக்குமே, இன்னொண்ணு எங்க போச்சு? அது வெளிய வந்துச்சா இல்லயா?


பிரௌனி அப்பா

வாஷிங் மெஷின் பின்னாடி கிடந்துச்சு. நானும் அன்னைக்கு ராத்திரியே வீடு பூரா தேடினேன்ங்க, அவ்ளோ முட்டாள் இல்ல நான். கிடைக்கலன்னா விடிஞ்சதும் ஸ்கேனுக்குத் தூக்கிட்டுப் போகத்தான் இருந்தேன்.


சிம்பா & கோ

ஓ, டாக்டர்கிட்ட போவீங்களா?