நெய்ச்சட்டிப் பலகையில் எந்தப் பெயர்?

நாகமலை_நடை:
எங்கள் கல்லூரி மூலிகைத் தோட்டத்துக்குப் புதிதாகப் பெயர்ப்பலகை எழுதுகிறோம். நெய்ச்சட்டிப் பூண்டுக்கு நான் சயாந்தில்லியம் சினேரியம் என்ற அறிவியல் பெயரை எழுதிக் கொடுத்தேன். வெர்னோனியா சினேரியா என்றே இருக்கட்டும் என்று துறையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் வெர்னோனியா என்ற பேரினம் ஒரு பெரிய மூட்டை. ஊதாப் பூ, ஓரத்தில் நாக்கு மாதிரி இதழ் இல்லை என்றால் அதற்குள் போட்டுவிடுவார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் இனங்கள் அப்படிச் சேர்ந்திருந்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் ஹரால்டு ராபின்சன் அந்த மூட்டையைப் பிரித்தபோது, 1990இல் நெய்ச்சட்டி சயாந்தில்லியத்துக்குப் போனது. நான் புதுப் பெயரின் பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.

உலர்தாள்:
அம்மா, முப்பது வருடம் செடிகளைப் பாடம் பண்ணி ஒட்டியவன் நான். 1986இல் நாகமலை அடிவாரத்தில் எடுத்த நெய்ச்சட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. காம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவர நூலிலும் அது வெர்னோனியாதான். மாட்டுத்தாவணியில் கூடை கூடையாக இறங்கும் செவ்வந்தியைப் பாருங்கள். அது கிரைசாந்திமம் இல்லை, டென்ட்ராந்திமா என்றார்கள். அட்டைகளை மாற்றினோம். 1999இல் செயின்ட் லூயிஸில் நடந்த தாவரவியலாளர் மாநாட்டில் மறுபடி கிரைசாந்திமமே என்று முடிவானது. ஒட்டிய அட்டைகளைக் கிழித்து, திரும்பவும் எழுதினேன். உங்கள் பெயிண்ட் காய்வதற்குள் இதுவும் மாறாது என்று யார் சொல்வது?

நாகமலை_நடை:
சார், அந்த அலைச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் செவ்வந்தி விஷயத்தில் பிரிவினை கலையவில்லை. கிரைசாந்திமம் என்ற பெயர் யாருக்கு என்பதுதான் மாறியது. பெயர் செவ்வந்திக்கு வந்ததும், அதுவரை அதை வைத்திருந்த ஐரோப்பியச் செடி கிளெபியோனிஸ் ஆகிவிட்டது.

நீங்கள் பழைய பெயர் என்று சொல்வதும் ஒருகாலத்தில் புதிதுதானே? லின்னேயஸ் 1753இல் இதைக் கோனைசா சினேரியா என்றார். வெர்னோனியாவுக்கு மாற்றியது லெஸ்ஸிங், 1829இல்.

உலர்தாள்:
சரி, வரலாறு அப்படியே இருக்கட்டும். வெர்னோனியாவை ஒரே பேரினமாக வைத்துக்கொண்டு உள்ளே பிரிவுகள் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நாகமலை_நடை:
அதே குடும்பத்து மூலிகையான ஆனைச்சுவடி குறுக்கே நிற்கிறது சார். வெர்னோனியா என்ற பெயர் எந்தச் செடியோடு ஒட்டியிருக்க வேண்டுமோ, அந்த மூல இனம் வட அமெரிக்காவில் இருக்கிறது. டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்தால், அதற்கு நம் நெய்ச்சட்டியைவிட ஆனைச்சுவடிதான் கிட்டத்துச் சொந்தம். தூரத்து உறவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து உறவை வெளியே நிறுத்த முடியுமா? ஆனைச்சுவடியையும் வெர்னோனியா ஆக்க வேண்டும், இல்லையென்றால் நெய்ச்சட்டியை விட்டுவிட வேண்டும். குரோமோசோம் கணக்கும் ஒத்துவருகிறது: அமெரிக்க வெர்னோனியாக்களுக்கு அடிப்படை எண் 17, நெய்ச்சட்டிக்கு 9.

உலர்தாள்:
இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நெய்ச்சட்டியின் ஒரு தலையில் இருபது பூப் போல இருக்கும். விதையை ஊதினால் பஞ்சு மாதிரி வெள்ளை முடி பறக்கும். ஆனைச்சுவடித் தலையில் நாலே பூ, விதையில் விறைப்பாக ஐந்தாறு முடிதான். அமெரிக்க வெர்னோனியாவுக்கும் நெய்ச்சட்டி மாதிரி நிறைய முடி. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என் பக்கம் இருக்கும்போது, பிள்ளைகளிடம் லென்சைக் கொடுத்து எதைப் பார்க்கச் சொல்வேன்?

நாகமலை_நடை:
பஞ்சு முடி இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்கு இருக்கிறது சார். கிணற்றடிப்பூண்டு விதைக்கும் உண்டு. காற்றில் பறக்க வேண்டிய விதைக்கு அது தேவை. ஆனைச்சுவடியில் குறைந்திருப்பதை வைத்து உறவை அறுக்க முடியாது.

கீழமாசிக்_கடை:
டீச்சர், சார், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசாலை என்று பத்து நாற்று வாங்கினேன். இலை மூன்றாகப் பிளந்திருந்தது. விசாரித்தால் அது அழகுக்கு வளர்க்கும் அமெரிக்கச் செடி, அதன் அறிவியல் பெயரில் இரண்டாவது பெயர் டிரைலோபேட்டா. இரண்டையும் முன்பு வெடேலியா என்றார்கள், இப்போது இரண்டுமே ஸ்பாக்னெட்டிகோலா. முதல் பெயர் மாறினாலும் எனக்கு உதவவில்லை. இரண்டாவது பெயரும் இலையும்தான் காப்பாற்றின. சித்த மருத்துவக் கட்டுரைகளில் நெய்ச்சட்டியை இன்னும் வெர்னோனியா என்றுதான் தேடுகிறோம். பலகையில் அதை எடுத்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் தொலைந்துபோவோம்.

நாகமலை_நடை:
அண்ணே, இதை நான் யோசிக்கவில்லை. மேலே சயாந்தில்லியம், கீழே "முன்பு வெர்னோனியா" என்று சின்ன எழுத்தில் போடுகிறேன். நெய்ச்சட்டி என்ற தமிழ்ப் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிதாக.

உலர்தாள்:
தமிழ்ப் பெயருக்கு என் முழுச் சம்மதம். மற்ற இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு பண்ணுவதற்கு முன் வியாழக்கிழமை காலையில் தோட்டத்துக்கு வருகிறேன், 1986 ஷீட்டையும் எடுத்து வருகிறேன். காய்த்த ஆனைச்சுவடி ஒன்று பிடுங்கி வையுங்கள் அம்மா. இரண்டு விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் எழுத்தைச் சின்னதாக்க விடமாட்டேன்.