பேசினுக்குக் கீழ பூட்டுற றெடிமேட் கபினற்: லாச்சி இடிக்குது, பலகை ஊதுது. திருத்துறதோ, மாத்துறதோ?

கொக்குவில்_வீடு:

வணக்கம். கபினற் 24 இஞ்சி அகலம், 18 இஞ்சி ஆழம், நிலத்தில நாலு பிளாஸ்ரிக் கால். மேல் லாச்சி வெறும் முகப்பு, இழுத்தால் வராது. கீழ் லாச்சி பொட்டில் ட்றப்பில (பேசினுக்குக் கீழ தொங்குற போத்தல் மாதிரியான கழிவுக் கிண்ணம்) இடிச்சு, கடைசி 2 இஞ்சி வெளியிலயே நிக்குது. பக்கப்பலகை ரெண்டும் அடியில ஒரு இஞ்சி உயரத்துக்கு ஊதி வெடிச்சிட்டுது. லாச்சி ஓடுற சனலில கறள். ஆங்கிள் வால்வை (பேசினுக்கு வாற தண்ணியை மறிக்கிறது) மூடுறதெண்டால் லாச்சியை முழுசாக் கழட்டவேணும். தரை வாளித் தண்ணி ஊத்திக் கழுவுற தரை. பேசின் கழிவு சுவருக்குள்ள போகேல்லை, நிலத்துக்குள்ள இறங்குது.

இதைத் திருத்தலாமோ? புதுசாச் செய்விக்கிறதெண்டால் ஆசாரியிட்ட என்ன அளவு சொல்லவேணும்?

தச்சுப்பட்டறை:

ஊதின பலகை திரும்பாது. சிப்போட் எண்டது மரச்சிராயைப் பசையோட அமத்தி ஒட்டினது. தண்ணி குடிச்சால் சிராய் விரியும், விரியேக்க பசை அறும். வெயிலில காய வைச்சாலும் அறுந்தது ஒட்டாது, அந்த இடத்தில ஸ்குரூவும் பிடிக்காது.

தண்ணி மெலமைன் (மேல ஒட்டின வழுவழுப்பான தாள்) முகத்தால உள்ள போறேல்லை, வெட்டு விளிம்பாலதான் போகுது. கபினற்றைக் கவிட்டுப் பாருங்கோ. முன் விளிம்புக்கு மட்டும் மெல்லிய நாடா ஒட்டியிருக்கும். நிலத்தைப் பாக்கிற விளிம்பு ஒண்டும் ஒட்டாத வெறும் பலகையா இருக்கும். பைப் போற துளையைச் சுத்தியும் அப்பிடித்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நாடா ஒட்டாமல் விடுறதுதான் இந்தச் சாமான்களின்ர முதற் பிழை, தண்ணி வாறதும் அந்த இடத்தாலதான். "பச்சை எம்டிஎவ், தண்ணிக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லி விப்பினம். எம்டிஎவ் எண்டது மரநாரை அமத்தின பலகை, பச்சை எண்டது அடையாளத்துக்குச் சேத்த சாயம். அந்தப் பலகை ஈரக்காத்தைத் தாங்கும், தேங்கி நிக்கிற தண்ணியைத் தாங்காது.

இரண்டாவது பிழை மேல இருக்கு. பேசின்ர உதடும் லாச்சி முகப்பும் ஒரே மட்டத்தில இருந்தால், முகம் கழுவேக்க வழியிற தண்ணி நேர முகப்பின்ர மேல் விளிம்பில இறங்கும். உதடு ஆகக் குறைஞ்சது 10 மி.மீ. முன்னுக்கு நிக்கவேணும், தண்ணி பின்னுக்கு ஓடாமல் சொட்டி விழ அடியில ஒரு தவாளிப்பும் இருக்கவேணும். கைபிடி இல்லாமல் மேல் விளிம்பைக் குடைஞ்சு விட்ட முகப்பு இன்னும் மோசம், அந்தக் குடைவுக்குள்ளயே தண்ணி நிக்கும்.

திருத்துறதெண்டால், ஊதினதுக்கு மேல இன்னும் 1 இஞ்சி நல்ல பலகையும் சேத்து, மொத்தம் 2 இஞ்சி வெட்டி எறியுங்கோ. அடித்தட்டையும் கழட்டி அதே அளவு மேல ஏத்தவேண்டி வரும். கீழ் லாச்சியின்ர உயரம் குறையும், அதை முதலே யோசிச்சுக்கொள்ளுங்கோ. வெட்டின விளிம்புக்கு இரண்டு பூச்சு எபொக்ஸி (இரண்டு பகுதி கலந்து பூசுற பிசின்). முதல் பூச்சைப் பலகை உறிஞ்சட்டும், அடுத்த நாள் இரண்டாவது. சிலிக்கோனை மட்டும் இழுத்து விட்டால் ஓரம் கிளம்பி, அதுக்குப் பின்னால தண்ணி அடைபடும்.

பிறகு காலில நிக்க விடாதேங்கோ. சுவரில தொங்கவிட்டு, நிலத்தில இருந்து 8 இஞ்சி இடைவெளி விடுங்கோ. பின்பக்கத்து 3 மி.மீ. ஹாட்போட் பாரம் தாங்காது. உள்ள மேல் மூலையில பக்கத்துக்குப் பக்கம் 3 இஞ்சி அகல மரச்சட்டம் ஒண்டு பூட்டி, அதுக்கூடாக நாலு 8 மி.மீ. போல்ற் அடியுங்கோ. சுவர்ப் பூச்சு 15, 20 மி.மீ. தடிப்பு இருக்கும், அது கணக்கில்லை. போல்ற் சீமெந்துக் கல்லுக்குள்ள 60 மி.மீ. போகவேணும். கல்லு உள்ள பொள்ளலா இருந்தால் இந்த வேலை சரிவராது, காலைத்தான் உயத்தவேணும்.

குழாய்வேலை:

வெட்டுறதுக்கு முதல் ட்றப்பைப் பாருங்கோ. பேசினில இருந்து ட்றப்புக்கு இறங்குற வால் பைப் வெட்டிக் குறைக்கக் கூடியது. கழிவு நிலத்துக்கு இறங்குறபடியால் ட்றப்பை 2 இஞ்சி மேல ஏத்தினாலும் ஓட்டம் கெடாது. அந்த ஒரு வெட்டோட கீழ் லாச்சி உள்ள போகக்கூடும். மேல் லாச்சி வெறும் முகப்பா இருக்கிறதுக்கும் காரணம் இந்த ட்றப்தான்: அதைச் சுத்தி வெட்டினால் வேலை கூட எண்டு முகப்பை ஒட்டி விட்டுடுவினம்.

இப்பிடியான கபினற் எல்லாம் கழிவு சுவருக்குள்ள போற பாத்ரூமுக்கு வரைஞ்சது. எங்கட பக்கம் நிலத்துக்கு இறக்கிற வீடுகளில பைப் லாச்சியின்ர இடத்துக்குள்ளால வருது. அதுக்குப் பரிகாரம், பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை 90 மி.மீ. வெறுமையா விடுறது. கழிவு பைப், ஆங்கிள் வால்வு, ஹோஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்கவேணும். நிலத்துளை சுவரில இருந்து 3 இஞ்சிக்குள்ள இருந்தால் சரி.

நெளிவு ஹோஸைக் கழிவுக்குப் போடாதேங்கோ. நெளிவுக்குள்ள மயிரும் சவர்க்காரப் படிவும் பிடிச்சு, நடுவில தொங்கும். ட்றப்புக்கு 50 மி.மீ.க்குக் குறையாத தண்ணிப் பூட்டு, அதாவது உள்ள எப்பவும் தேங்கி நிண்டு மறிக்கிற தண்ணி, வேணும். அது இல்லாட்டில் மணமும் கரப்பானும் மேல வரும். பொட்டில் ட்றப்பின்ர கிண்ணத்தைக் கழட்டித் துப்புரவாக்க அடியில 3 இஞ்சியாவது வெளி விடுங்கோ.

கொக்குவில்_வீடு:

நன்றி அண்ணை. அளந்தன்: பேசின் துளையின்ர நடு சுவரில இருந்து 200 மி.மீ., ட்றப் கிண்ணம் 64 மி.மீ. விட்டம், நிலத்துளை சுவரில இருந்து இரண்டரை இஞ்சி. மேல் லாச்சியையும் பாவிக்கக் கூடினமாதிரி எடுக்கலாமோ?

தச்சுப்பட்டறை:

எடுக்கலாம், பின்பக்கத்தில ப வடிவில வெட்டவேணும். கணக்கு இதுதான். ஆழம் 18 இஞ்சி, அதாவது 457 மி.மீ., அதில முகப்புப் பலகை 16, பின்வெளி 90 போனால் மிச்சம் 351. சனல் 50, 50 மி.மீ. படியா வரும், ஆகவே 350 சனல். கடையில 400 தந்தால் வாங்காதேங்கோ, அது வால்வில இடிக்கும். ட்றப்பின்ர முன் ஓரம் சுவரில இருந்து 232 (200உம் கிண்ணத்தின்ர பாதி 32உம்). விரல் போக 28 விட்டால் 260. பின்வெளி 90ஐக் கழிச்சால் வெட்டின்ர ஆழம் 170. அகலம் 130, அதாவது கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் 33. வெட்டின ஓரம் மூண்டுக்கும் பலகை நிறுத்தி அடைக்கவேணும், இல்லாட்டில் பற்பசை ட்றப்புக்குப் பின்னால விழும்.

அகலம்: 24 இஞ்சி, அதாவது 610இல பக்கப்பலகை 16, 16 கழிச்சால் 578. பந்துச் சனலுக்கு (உள்ள சின்னக் குண்டுகள் உருளுற சனல்) பக்கத்துக்கு 12.7 வேணும், ஆகவே பெட்டி 552. உங்கட கீழ் லாச்சி இறுகினால் அதுக்கும் காரணம் இதுதான். பக்கப்பலகை ஒரு மில்லிமீற்றர் உள்ளுக்கு ஊதினாலே அந்த 12.7 குறைஞ்சு பந்து நெரியும். எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை.

கடல்காத்து_பூட்டு:

சனலைப் பற்றி. கபினற்றோட வாறது துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு. ஓட்டிற இடத்தில பந்து உரசி முதல் அந்தப் பூச்சுத்தான் போகும். எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கரையோரத்தில சவரும் (உப்பும்) சேரும். சொட்டுக் காயக் காய வெள்ளைப் படிவு பந்துக்கூட்டுக்குள்ள இறுகி, அதுக்குக் கீழ கறள் ஓடும். 304 எண்ட ரகத்து ஸ்டெயின்லெஸ் சனல் கேட்டு வாங்குங்கோ, ஸ்குரூவும் அதே இனத்தில. சனலை ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஸ்குரூவை இரும்பிலும் போட்டால் ஸ்குரூத் தலை முதல் போகும்.

ஒரு விசயம் கட்டாயம்: கக்கூஸ் கழுவுற அசிட் போத்தலையும் கிணத்துக்குப் போடுற குளோரின் தூளையும் இந்த லாச்சிக்குள்ள வையாதேங்கோ. மூடி இறுக்கமா இருந்தாலும் ஆவி கசியும், மூடின பெட்டிக்குள்ள அது போக வழியில்லை. ஸ்டெயின்லெஸ்ஸும் பழுப்புப் புள்ளி விழும். இரண்டையும் ஒரே இடத்தில வைச்சு ஒண்டில ஒண்டு ஊத்துப்பட்டால் நச்சு வாயு வரும்.

சனலே வேண்டாமெண்டால் பழைய மேசை லாச்சி மாதிரி தேக்குச் சட்டத்தில ஓட விடலாம். மெழுகுதிரி தேய்ச்சு விட்டால் போதும். மாரிக்குக் கொஞ்சம் இறுகும், ஆகவே பக்கத்துக்கு 2 மி.மீ. வெளி விடுங்கோ.

அலுமினிய_வேலை:

சிப்போட்டை வெட்டி ஒட்டிறதில எனக்கு உடன்பாடில்லை. வாளித் தண்ணி ஊத்துற தரைக்கு அது தோதில்லாத பொருள், எபொக்ஸி பூசினாலும் ஒவ்வொரு ஸ்குரூத் துளையும் புது வாசல். பவுடர் கோட் போட்ட அலுமினியச் சட்டத்தில பெட்டியைச் செய்து, பிவிசி நுரைப்பலகை போடுங்கோ. நுரைப்பலகையை மட்டும் வைச்சுச் செய்யவும் கூடாது: அது தண்ணி குடிக்காது, ஆனால் ஸ்குரூவை இறுக்கிப் பிடிக்காது. சனல் வாற இடத்தில பின்னால அலுமினியப் பட்டை வைச்சு, ஊடுருவிப் போற போல்ற்றால பூட்டவேணும். லாச்சி அடிக்கு 3 மி.மீ. ஹாட்போட் வேண்டாம், சம்பு போத்தல் நாலு வைச்சால் வளையும். 8 மி.மீ. நுரைப்பலகை, மூலைக்கு ஒண்டா நாலு 6 மி.மீ. துளை, தண்ணி வடிய.

ஈரச் சீமெந்து அலுமினியத்தைத் தின்னும். சுவர்ப் பூச்சு முழுசாக் காயாமல் சட்டத்தை ஒட்டிப் பூட்டாதேங்கோ. இடையில பிளாஸ்ரிக் வில்லை வைச்சு 10 மி.மீ. விடுங்கோ, மாரிக்குச் சுவர் கசிஞ்சாலும் காத்து ஓடும்.

தச்சுப்பட்டறை:

தரை கழுவுற வீட்டுக்கு அலுமினியம் நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனால் மேல் லாச்சி முகப்பும் பெட்டியும் பிளைவுட்டிலயே செய்யலாம், அது நிலத்துத் தண்ணி படாத உயரம். மரீன் பிளை (தண்ணியைத் தாங்கிற பசையில ஒட்டின பிளைவுட்) 12 மி.மீ., விளிம்புக்கு எபொக்ஸி.

குழாய்வேலை:

எதைப் பூட்டினாலும் லாச்சியைப் போடுறதுக்கு முதல் ஒருக்காச் சோதியுங்கோ. பேசின் அடைப்பை மூடி விளிம்புவரை தண்ணி நிரப்பி, ஒரேயடியாத் திறந்து விடுங்கோ. ஓடி முடிஞ்சதும் ஒவ்வொரு நட்டையும் காய்ஞ்ச ரிசுத் தாளால சுத்தி ஒத்துங்கோ. கண்ணுக்குப் படாத ஒழுக்கும் தாளில தெரியும். ஈரம் பட்டால் நட்டை இன்னும் இறுக்காதேங்கோ, கழட்டி இறப்பர் வளையம் நெளிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ.