மூன்று வார சோலார் பயிற்சி எங்கள் பிள்ளைகளுக்குப் போதுமா?

அட்டன் வயரிங்காரன்:
ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் சோலார் பயிற்சி தருவதாக எங்கள் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாடும் சான்றிதழும் இலவசம். பெயர் கொடுக்கலாமா என்று நாலைந்து தாய்மார் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரத்தில் பேனலைத் தூக்கிக் கூரையில் உள்ள கம்பிச் சட்டத்தில் பூட்டப் பழகலாம். எர்த் போடுவது, கேபிளின் அளவைக் கணக்குப் பார்ப்பது, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ஏன் நின்றது என்று தேடிப் பிடிப்பது, இதெல்லாம் எப்போது பழகுவது? முதலில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4 வரை மின்வேலை படிக்கட்டும். சோலாரை அதற்கு மேல் படிக்கலாம்.

லிந்துலை மகள்:
அண்ணே, நீங்கள் அந்தத் தாய்மாரைத் திருப்பி அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கே 2021 வரை போராடினோம். 2024இல்தான் அது 1,350 ஆனது. இப்படிப்பட்ட சம்பளத்தில் ஒரு பிள்ளையை மாதக்கணக்காக அட்டனுக்கு பஸ் ஏற்றி அனுப்ப எந்த வீட்டால் முடியும்? என் தம்பி கொழும்பில் புடவைக்கடையில் காலை எட்டு மணி முதல் இரவு வரை நிற்கிறான். மூன்று வாரம் படித்துக் கையாளாகச் சேர்ந்தாலும் அது அவனுக்கு ஒரு தொழிலாவது ஆகும். வேலையில் கற்றதைக் காட்டி என்.வி.கியூ. எடுக்க ஆர்.பி.எல். (முன்கற்றலை அங்கீகரித்தல்) முறையும் இருக்கிறதே.

மஸ்கெலியா:
தங்கச்சி, அப்படிப் போனவன் நான். குறுகிய பயிற்சி முடித்து இரண்டாம் மாதம் கொழும்புப் பக்கம் ஒரு மாடிவீட்டுக் கூரையில் வேலை. பத்துப் பேனலைத் தொடராக இணைத்திருந்தோம். வெயிலில் அது 400 வோல்ட்டுக்கு மேல். பேனலில் இருந்து வருவது டீசீ, ஒரே திசையில் ஓடும் கரண்ட்; அதைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைக்காமல், கேபிள்களைப் பூட்டும் கனெக்டரைக் கழற்றினேன். நீலமாக ஒரு தீ, அணையவே இல்லை, கனெக்டரோடு சேர்ந்து நீண்டுகொண்டே வந்தது. வீட்டுக் கரண்டில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் பொறி சீக்கிரம் அறும், டீசீயில் அப்படி அறாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வலது கை இரண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. பயிற்சியில் இதைச் சொன்னார்களாம். சிங்களத்தில் சொன்னார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது.

லிந்துலை மகள்:
வாசிக்கவே மனசு கேட்கவில்லை, அண்ணே. ஆனால் பயிற்சி முடித்து இரண்டே மாதமான பிள்ளையை மேற்பார்வை இல்லாமல் கூரையில் ஏற்றியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. மொழி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். உயிரைக் காக்கும் பாடம் தமிழில் இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழால் என்ன பயன்?

பொகவந்தலாவை ஸ்டோர்:
எல்லாரும் சோலாரையே பேசுகிறீர்கள், பிள்ளைகளா. நாம் இருக்கும் வரிசை வீடான லயத்துக் கூரை தகரமும் அஸ்பெஸ்டோசும். கால் வைத்தால் உடையும். அந்தக் கூரையும் தோட்டத்துடையது, பேனல் போட்டு மின்சார சபைக்குக் கரண்ட் விற்க நம் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லை. நம்மிடம் இருப்பது தண்ணீர். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் வந்தது, தலவாக்கலையில் மேல் கொத்மலை 150 மெகாவாட் 2012இல். அதற்கெல்லாம் முன்பே தோட்டத்து ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், ஓடைத் தண்ணீரில் ஓடின. எங்கள் ஸ்டோரின் பழைய பெல்டன் சக்கரத்தை, தண்ணீர் பீய்ச்சிச் சுழலும் சக்கரத்தை, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் கிண்ணம் போன்ற வாளிகள், நடுவில் கத்திமுனை மாதிரி ஒரு வரம்பு, தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரியும். சபைக் கரண்ட் வந்ததும் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். நொடிக்கு 10 லீட்டர் தண்ணீர் 50 மீட்டர் இறங்கினால், பாதி வீணானாலும், ஏறக்குறைய இரண்டரை கிலோவாட் இரவும் பகலும் கிடைக்கும். மண் அடைக்காமல் தொட்டியைப் பார்ப்பது, தண்ணீர் பீய்ச்சும் நொசில் தேய்ந்தால் மாற்றுவது, இதையும் பாடத்தில் சேருங்கள்.

அட்டன் வயரிங்காரன்:
ஐயா சொல்வது முழு உண்மை. ஓடை வற்றும் மாதங்களுக்கு மட்டும் வேறு வழி வேண்டும்.

தங்கச்சி, நான் நீண்ட படிப்பைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. மின்பாவனை குறைந்த நாளில் சோலார் கூடினால் மின்கட்டமைப்பு தள்ளாடும், அதே வருடம் பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டது நினைவிருக்கும். இனிமேல் பெட்டரி வைக்கவும் இன்வெர்ட்டரைச் செட் பண்ணவும் தெரிந்தவனைத்தான் தேடுவார்கள். பேனல் தூக்க ஆள் எங்கேயும் கிடைக்கும். நம் பிள்ளைகள் இங்கேயும் சுமை தூக்குகிறவர்களாகவே நிற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

லிந்துலை மகள்:
எனக்கும் மனசில்லை அண்ணே. ஆனாலும் தம்பியின் பெயரைக் கொடுக்கப் போகிறேன். கொடுக்குமுன் பாதுகாப்புப் பாடம் தமிழில் நடக்குமா, முடித்தவர்களை ஆர்.பி.எல்.லுக்கு அனுப்புவார்களா என்று கேட்பேன். இரண்டுக்கும் ஆம் என்றால் போகட்டும்.

அட்டன் வயரிங்காரன்:
கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நானும் அந்தத் தாய்மாரை ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். தம்பி லீவில் வந்தால் என்னோடு வயரிங் வேலைக்கு வரச் சொல்லுங்கள், டெஸ்டர் பிடிக்கப் பழக்கி அனுப்புகிறேன்.

மஸ்கெலியா:
ஐசொலேட்டர் எது, கனெக்டர் எது என்று முதல் நாளே நான் காட்டிக்கொடுக்கிறேன்.