சல்மாவை நீங்கள் முதலில் சந்தித்தது எந்தப் பக்கத்தில்?

ஆயா வீட்டுப் பேத்தி, பள்ளத்தூர்:

கவிஞர் சல்மாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் எங்கள் ஆயா வீட்டில் இருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். அதைத்தான் எழுத வந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு சந்திப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.

அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. என் கைக்கு வந்தது 2007-இல். காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தேன், தோழி ஒருத்தி இரவல் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை பள்ளத்தூர் பஸ்ஸில் படிக்கத் தொடங்கி, வளவு என்கிற நடுமுற்றத்தின் தூணில் சாய்ந்து படித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தபோது புத்தகம் ஆயா மடியில் இருந்தது. ஆயாவுக்கு அப்போது 74 வயது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் கட்டியிருக்கும். விரலை வரியின் அடியில் நகர்த்தி, உதடு அசையப் படிப்பார்.

"இந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்?" என்றார்.

துவரங்குறிச்சி என்றேன்.

"பொன்னமராவதிக்கு அந்தப் பக்கமா? நம் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

இரவில் அவருக்குச் சல்மாவின் கதையைச் சொன்னேன். 1968-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பு நின்றுபோனது. வீட்டுக்குள் அடைபட்ட வருடங்களில், மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கும் தடை வந்தது. எல்லோரும் உறங்கிய பின் கழிப்பறைக்குள் போய் எழுதினார், துணிகளுக்கு அடியில் ஒளித்தார். பெற்ற தாய் வழியாகக் கவிதைகள் வெளியே போயின. யார் எழுதுகிறார்கள் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்கச் சல்மா என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற முதல் தொகுப்பு 2000-இல் வந்தது.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஆயா அழவில்லை. அவருடைய கவலை வேறாக இருந்தது.

"துணிக்கு அடியில் வைத்தால் எடுத்துவிட மாட்டார்களா, ஆத்தா?"

பிறகு எங்கள் வீட்டையே மனத்துக்குள் சுற்றிவரத் தொடங்கினார். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அந்த அறையில் மனிதர்களைவிடச் சீர்ச் சாமான்தான் அதிகம் குடியிருக்கும். "என் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அதற்கு இன்னொரு சாவி மாமியாரிடம் இருந்தது" என்றார். பட்டாலையில் பிள்ளைகள் படுப்பார்கள். நெல் அறைக்கு வேலையாட்கள் வந்துபோவார்கள். மாடி ஆண்களுக்கு. இத்தனை பெரிய வீட்டில் ஒரு தாளை வைக்க இடமில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெகுநேரம் கழித்து, நான் உறங்கிவிட்டேன் என்று நினைத்தோ என்னவோ, மெல்லச் சொன்னார்:

"உப்புச் சாடிக்குப் பின்னால் வைக்கலாம். யாரும் அந்தப் பக்கம் கை விட மாட்டார்கள். ஆனால் ஐப்பசி பிறந்தால் தாள் ஈரம் கோத்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும், மை நிற்காது."

*

ஓர் ஆசிரியை, காரைக்குடி:

பள்ளத்தூர்த் தங்கையின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவள். என்னுடைய சந்திப்பு இவ்வளவு இதமானது அல்ல.

எங்கள் வீட்டில் சல்மா என்ற பெயர் முதலில் கோபமாகத்தான் நுழைந்தது. நம் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டார் என்று அத்தா சொன்னார். படித்துவிட்டுச் சொன்னதல்ல, யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னது. அதனாலேயே எனக்குப் படிக்கத் தோன்றியது. ஒரு நூலகத்தில் கேட்டபோது, "உங்களுக்கு எதற்கு அது?" என்று கேட்டு, வேறு புத்தகத்தை எடுத்து நீட்டினார்கள். பிறகு சம்பளப் பணத்தில் சொந்தமாகவே வாங்கினேன்.

நான் படித்த முதல் பக்கங்களில் ராபியா என்ற சிறுமி வருகிறாள். அவளைச் சுற்றி வஹீதா, ஃபிர்தவ்ஸ், ஜொஹ்ரா என்று எத்தனை பெண்கள்! முதலில் யார் யாருக்கு என்ன உறவு என்று காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். ஐம்பது பக்கம் தாண்டியதும் அந்தக் காகிதம் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் நடந்தால் யார் யாருடைய மகள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே, அதுபோலத்தான். கதாநாயகி என்று ஒருத்தியைத் தூக்கிவைக்காமல் அடுப்படியின் பேச்சையே நாவலாக்கியிருக்கிறார். அவர்கள் சிரிக்கிற சிரிப்பும், கூச்சமில்லாமல் ஒருவரை ஒருவர் கேலி செய்வதும், நோன்புக் கால இரவுகளும் அதில் இருக்கின்றன. அடக்குமுறையைப் பற்றிய நாவல் என்று மட்டும் சொல்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

என்னால் தாண்ட முடியாமல் நின்ற பக்கம் ஒன்று உண்டு. ஃபிர்தவ்ஸுக்கு அவள் தாயின் கையாலேயே முடிவு வரும் இடம். சட்டம் போடுவது ஜமாத் ஆண்கள். வீட்டுக்குள் அதைக் காவல் காப்பது அம்மாக்கள். அந்தத் தாயைச் சல்மா அரக்கியாக எழுதவில்லை, அவளுடைய பயத்தை எழுதினார். அதைப் படித்த அன்று, எட்டாம் வகுப்போடு என் அக்காவை வீட்டில் நிறுத்திய என் நன்னியின், அதாவது பாட்டியின், முகம் கண்முன் வந்தது. அவரை முதன்முறையாக மன்னித்தேனா, அல்லது முதன்முறையாகக் கோபப்பட்டேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாவலை எங்கள் சமூகத்தின் மீது நீட்டும் விரலாகச் சிலர் பயன்படுத்தும்போது எனக்கு வலிக்கும். இரண்டு சாவிகளைப் பற்றி உங்கள் ஆயா சொன்னதைப் படித்தபோது அந்த வலி கொஞ்சம் குறைந்தது. ஆயா நாவலை முடித்தாரா?

*

பணி ஓய்வு பெற்றவர், திருப்பத்தூர்:

வேலை நிமித்தம் சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வழியாகத் துவரங்குறிச்சிக்குப் பல வருடம் போய்வந்தவன் நான். எனக்கு அவர் முதலில் கவிஞர் அல்லர். 2001 உள்ளாட்சித் தேர்தலில் வென்ற பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் வீட்டாரே அவரை நிற்கவைத்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். எழுதுவதற்குப் பூட்டப்பட்ட கதவு, தேர்தலுக்காகத் திறந்தது. திறந்த கதவை அவர் மறுபடி சாத்த விடவில்லை, அதுதான் பெரிது. 'பச்சை தேவதை' தொகுப்பு அந்தப் பதவிக் காலத்தில், 2003-இல் வந்தது. நாவல் அடுத்த வருடமே.

2006-இல் மருங்காபுரித் தொகுதியில் தோற்றார். பிறகு சமூக நல வாரியத் தலைவர், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினர். மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த நாவலான 'மனாமியங்கள்' வர 2016 வரை காத்திருந்த வாசகன் நான். அந்தப் பன்னிரண்டு வருடங்களைக் கூட்டங்களும் கோப்புகளும் எடுத்துக்கொண்டன என்று எனக்கு ஒரு தாங்கல் உண்டு. பதவியில் இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த அடுப்படிகளை எழுதக்கூடியவர் ஒருவர்தான்.

*

ஆயா வீட்டுப் பேத்தி, பள்ளத்தூர்:

ஆசிரியை அக்காவுக்கு: முடித்தார். ஃபிர்தவ்ஸ் போன பிறகு மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனார். முகப்பில் ஐயா உயிரோடு இருந்தவரை உட்கார்ந்து கணக்குப் பார்த்த சாய்வு நாற்காலி கிடக்கிறது. ஐயா காலமாகி ஒன்பது வருடம் ஆகியும் யாரும் அதில் உட்காராமல் துடைத்து மட்டும் வைத்திருந்தோம். ஆயா அதில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி மிச்சத்தைப் படித்தார். தபால்காரர் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, பக்கத்துக்கு அடையாளமாக அதையே உள்ளே வைத்துக்கொண்டார்.

தோழிக்கு வேறு பிரதி வாங்கிக் கொடுத்தேன். ஆயாவின் பிரதி என்னிடம் இருக்கிறது. அந்தக் கடிதமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.