அட்டை எதை மீறுகிறது?

கேள்வி:
பெருநிறுவனங்களைச் சாராமல் தனித்து இயங்கும் இதழ்களின் அட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயல்கிறேன். வணிக இதழின் அட்டை ஏறக்குறைய எங்கும் ஒரே வார்ப்பில்தான் இருக்கிறது: உச்சியில் இதழின் பெயர், நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் பிரபலத்தின் முகம், அதைச் சுற்றி உள்ளடக்கத்தைக் கூவி விற்கும் வரிகள். தனித்து இயங்கும் இதழ்கள் பல இவற்றைத் துறந்து, வெறும் நிறத்தையோ ஒற்றைச் சொல்லையோ அட்டையாக்குகின்றன. அப்படித் துறப்பதே ஆதிக்கக் கருத்தியலை எதிர்ப்பதாகிவிடுமா, அல்லது அது வேறொரு ரசனை மட்டும்தானா?

முதல் பதில்:
ரசனை என்றுதான் சொல்வேன். கடைத் தட்டில் ஒன்றையொன்று மறைத்தபடி அடுக்கப்படும் இதழ்களில் கண்ணில் படுவது மேல்விளிம்பு மட்டுமே என்பதால்தான் பெயர் அங்கே ஏறியது. சந்தாவை நம்பி வாழும் இதழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அது பெயரைக் கீழே இறக்கி வைப்பதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. இன்று வெள்ளைப் பரப்பும் பளபளப்பற்ற தாளும் தாமே ஒரு சம்பிரதாயமாகிவிட்டன. ஆடம்பரப் பொருள்களின் விளம்பரங்களும் அதே கோலத்தில்தான் வருகின்றன.

இரண்டாம் பதில்:
முன்னவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் படமே இல்லாத ஓர் அட்டை ஓர் அரசைச் சீண்டியதுண்டு. 1970 நவம்பர் தொடக்கத்தில் பிரான்ஸில் ஒரு நடன அரங்கு தீப்பற்றி 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தித்தாள்கள் அதைப் பெரிய தலைப்புகளில் வெளியிட்டன. நவம்பர் 9 அன்று முன்னாள் குடியரசுத் தலைவர் சார்ல் தெ கோல் கொலொம்பே என்ற ஊரில் இருந்த தம் வீட்டில் காலமானார். 'ஹரா-கிரி' என்ற நையாண்டி வார இதழ், "கொலொம்பேயில் நடனத் துயரம்: ஒருவர் சாவு" என்ற வரியை மட்டுமே அட்டையாக அச்சிட்டது. என் வாசிப்பில் அது தலைவரை மட்டும் கேலி செய்யவில்லை. எந்தச் சாவுக்கு நாடு தழுவிய அஞ்சலி, எந்தச் சாவுக்கு வெறும் பரபரப்பு என்று பங்கிடும் செய்தி மொழியையே எடுத்து அதன்மீது திருப்பி எறிந்தது. உள்துறை அமைச்சகம் இதழை முடக்கியது. அதே குழுவினர் சில நாள்களிலேயே 'சார்லி எப்தோ' என்ற புதிய இதழைத் தொடங்கினர். அங்கே வெறுமை பலித்ததற்குக் காரணம், அது யாருடைய குரலைப் போலி செய்கிறது என்பது வாசகருக்குப் பார்த்தவுடனே விளங்கியதுதான்.

மூன்றாம் பதில்:
பழைய வார்ப்பைத் துறக்காமலேயே அதற்குள் கலகம் செய்யவும் முடியும். அமெரிக்கப் பெண்ணிய இதழான 'மிஸ்' 1972 வசந்தகாலத்தில் வெளியிட்ட முன்னோட்ட இதழின் அட்டையில், எல்லாப் பெண்கள் இதழ்களையும் போலவே, ஒரு பெண்தான் இருக்கிறாள். ஆனால் அவள் மேனி நீலம், எட்டுக் கைகளில் இஸ்திரிப்பெட்டி, வாணலி, தட்டச்சுப்பொறி, தொலைபேசி, முகம் பார்க்கும் கண்ணாடி எனப் பலவும், கண்களில் நீர். தெய்வ உருவத்தில் ஆற்றலைக் குறிக்கும் பல கைகள் இங்கே சுமையைக் குறிக்கின்றன. பெண்களை நோக்கிக் காலங்காலமாக விளம்பரப்படுத்தப்பட்ட பொருள்களே விளம்பரத்துக்கு எதிரான சாட்சிகளாகிவிட்டன.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போது என் கட்டுரையின் தலைப்பே இடிக்கிறது. ஹிட்லரின் உயர்த்திய கை பின்னால் நிற்கும் பெருமுதலாளியிடம் பணம் வாங்குவதாக, ஒளிப்படங்களை வெட்டி ஒட்டும் ஜெர்மானியக் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் அமைத்த 1932 அக்டோபர் அட்டையைத்தான் முதல் எடுத்துக்காட்டாக வைத்திருந்தேன். அதை வெளியிட்ட 'ஏ.ஐ.இசட்.' கம்யூனிஸ்டுகள் நடத்திய ஜெர்மானியப் பட வார இதழ். விளம்பரதாரரைச் சாராதது, ஆனால் கட்சியைச் சார்ந்தது. அதனைத் 'தனித்து இயங்கும் இதழ்' என்ற பட்டியலில் சேர்ப்பீர்களா?

இரண்டாம் பதில் எழுதியவர்:
சேர்ப்பேன், ஆனால் எதைச் சாராதது என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிடுவேன்.