புதுப்பிப்பு: எங்க வீட்டுக் குடில் ரெடி!

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப் புல் வளர்க்க எதை விதைக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேனே, நிறைய பேர் கேழ்வரகுன்னு சொன்னீங்க. மகள் ராத்திரியே ஊறவச்சு, தட்டுல மண் பரப்பித் தூவி, காலையும் சாயங்காலமும் கையாலேயே தண்ணி தெளிச்சா. இப்போ விரல் உயரத்துக்குப் பசேல்னு நிக்குது!

சின்னவன் மூங்கில் குச்சி சீவி, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டியிருக்கான். ஒரு முனை லேசா கோணல். அதைத்தான் வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருக்கேன், அவ்வளவு பெருமை எனக்கு.

1223-ல இத்தாலியில இருக்குற கிரேச்சோ ஊர்ல புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடு, கழுதையோட குடில் அமைச்ச கதையைத் தம்பிக்கு அக்காவே சொல்லிக்கொடுத்தா. குழந்தை இயேசு சொரூபத்தை மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிஞ்சு வந்து வைப்போம். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி!