டிஃப் தலைப்பில் வேறு ஃபங்ஷன் பெயர் வருகிறதே, ஏன்?

கொழுந்துக்கூடை, ஹட்டன்:
தோட்டத்துச் செக்ரோலுக்கான (ஆட்களின் வேலைநாள், சம்பளப் பதிவு) பைதன் கோப்பு. முழுப்பேர் (முழுநாள் வேலை) கணக்கிடும் ஃபங்ஷனில் ஒரு வரியை எடுத்துவிட்டு இரண்டு வரி போட்டேன். கோப்பில் என்ன மாறியது என்று காட்டும் கிட் டிஃப்பில் `@@ -41,7 +41,8 @@` என்று வந்து, பக்கத்தில் அதற்கு மேலேயுள்ள அரைப்பேர் ஃபங்ஷனின் பெயர் நிற்கிறது. இடம் மாறிக் கை வைத்துவிட்டேனா? இன்னொன்று, பெக்டரி ஒபிஸ் கணினியில் திறந்து சேமித்த கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வருகிறது. உண்மையில் மாறியது கிலோ வரி ஒன்றுதான்.

மூடுபனி, பண்டாரவளை:
இடம் சரிதான் தம்பி. பழைய கோப்பில் 41ஆம் வரியிலிருந்து 7 வரி, புதியதில் 41இலிருந்து 8 வரி என்று வாசியுங்கள். மாறாத வரிகள் மேலே 3, கீழே 3 அதற்குள் அடக்கம். மிச்சம், போனது 1, வந்தது 2. ‘திருத்திய வரி’ என்று இதில் ஒரு குறியே கிடையாது. ஓர் எழுத்தை மாற்றினாலும் பழைய வரி கழித்தலில் போகும், புதியது கூட்டலில் வரும்.

பெயருக்கு வருவோம். டிஃப் இப்படிக் காட்டும் துண்டின் முதல் வரிக்கு மேலே தேடிப் போய், முதலில் அகப்படும் ஃபங்ஷன் வரியைத்தான் கிட் ஒட்டுகிறது. உங்கள் மாற்றம், ஃபங்ஷன் தொடங்கும் `டெஃப்` வரிக்குக் கீழே 3 வரிக்குள் இருந்தால், அந்த `டெஃப்` துண்டுக்குள்ளேயே விழுந்துவிடும். தலைப்பில் முந்திய ஃபங்ஷன் ஏறிக்கொள்ளும். பெரிய எழுத்து `-டபிள்யூ` கொடுத்தால் முழு ஃபங்ஷனும் தெரியும். கிளாஸுக்குள் தள்ளி எழுதிய ஃபங்ஷன்களைக் கிட் தானாகக் கண்டுபிடிக்காது. கோப்புகளை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் `.கிட்அட்ரிபியூட்ஸ்` கோப்பில் `*.பிவை டிஃப்=பைதன்` சேர்க்க வேண்டும்.

சாயத்தேத்தண்ணி:
சிவப்பு பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் வரி முடிவுக் குறி. விண்டோஸ் எடிட்டர், எல்எஃப் என்ற குறியை சிஆர்எல்எஃப் என்ற விண்டோஸ் குறியாக்கிச் சேமித்திருக்கும். `கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்` போடுங்கள். கிலோ வரி மட்டும் மிஞ்சினால் அதுவேதான்.

சின்ன எழுத்து `-டபிள்யூ` போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். பைதனில் வேண்டாம். ஒரு வரி `இஃப்`புக்கு வெளியே நழுவியிருந்தாலும், இடைவெளி மட்டும்தான் மாறியது என்று மறைத்துவிடும். ஆட்களின் சம்பளக் கணக்கல்லவா!

நிரந்தரமாகத் தீர்க்க, அட்ரிபியூட்ஸ் கோப்பில் `* டெக்ஸ்ட்=ஓட்டோ`. சிஆர்எல்எஃப் ஏற்கெனவே கொமிட் ஆகியிருந்தால் (கிட்டில் பதிவாகியிருந்தால்) `கிட் அட் --ரீநோர்மலைஸ் .` செய்து, அதைத் தனிக் கொமிட்டாகப் போடுங்கள். கிலோ திருத்தத்தோடு கலந்தால் பிறகு யாராலும் வாசிக்க முடியாது.

கொழுந்துக்கூடை:
இரண்டும் சரிவந்தது, நன்றி. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் `\340\256` என்று நீளமாக வருகிறதே, பெயர் கெட்டுவிட்டதா?

மூடுபனி:
கெடவில்லை. தமிழ் எழுத்தின் யுடிஎஃப்-8 பைட்டுகளை ஒக்டல் (எட்டை அடியாகக் கொண்ட) எண்களாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். `கிட் கொன்ஃபிக் கோர்.குவோட்பாத் ஃபோல்ஸ்` கொடுத்தால் தமிழிலேயே வரும்.